சாப்பாட்டு ஹாலுக்கு நடந்து வர வேண்டும்

ஆஸ்பத்திரிக் காபியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. கொடைக்கானலில் துரைமார் பங்களாக்களில் ஆயுசில் பாதியைப் பட்லராகக் கழித்தவன் நான். கோப்பையைச் சூடு பண்ணாமல் ஊற்றினால் என் கணக்கில் அது காபியே இல்லை. அங்கே அலுமினிய டம்ளரில் கொடுத்தார்கள். உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிடும், மேலே ஏடு வேறு. தினமும் குறை சொல்லிக்கொண்டே குடித்தேன். குறை சொல்லும் தெம்பு எனக்கு இருந்ததால்தான் தேறிவிடுவேன் என்று நம்பியதாக டாக்டரம்மா பிறகு சொன்னார்.

நிமோனியாவில் கிடந்து எழுந்து வந்திருக்கிறேன். எங்கள் இல்லத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள், வலிக்குமா, திரும்பி வரலாமா என்றெல்லாம் என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்ல இப்போது மூச்சு போதவில்லை. அதனால் எழுதுகிறேன். என்னைப் பற்றிக் கொஞ்சமும் என் மனைவி ஞானம்மாவைப் பற்றி நிறையவும் இதில் இருக்கும்.

டவுனைத் தாண்டி, பூண்டிப் பக்கம் போகும் ரோட்டில் இருக்கிறது எங்கள் முதியோர் இல்லம். கன்னியாஸ்திரிகள் நடத்துவது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஞானம்மா ஒரு பள்ளி ஹாஸ்டலில் ஆயாவாக இருந்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில், இருவருக்கும் உடம்பு ஓய்ந்த பிறகு, நான் கடைசியாக வேலை பார்த்த வீட்டுத் துரைசானி, இல்லத்துத் தலைவி மதரிடம் பேசி இங்கே இடம் வாங்கிக் கொடுத்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் சாப்பாட்டு ஹால். ஆண்கள் பெண்கள் பக்கத்துக்குப் போகக் கூடாது, புருஷனாக இருந்தாலும். நாற்பது வருஷம் ஒரே அறையில் இருந்துவிட்டு, மூன்று வேளைச் சாப்பாட்டில் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "திரும்பவும் பொண்ணு பாக்க வந்த மாதிரியில்ல இருக்கு" என்று ஞானம்மா கேலி பண்ணுவாள்.

இல்லத்தில் ஒரு விதி இருந்தது. சாப்பாட்டு ஹாலுக்குத் தானாக நடந்து வர முடிகிறவர்களுக்குத்தான் அங்கே இடம். நடக்க முடியாமல் போனால் சொந்தக்காரர்களை வரச்சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதில் கல்மனசு ஒன்றும் இல்லை. இரண்டு சிஸ்டர்கள், ஒரு ஆயா, ஒரு சமையல்காரர் என்று அவ்வளவுதான் ஆட்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு யார் மூத்திரப் பீங்கான் வைப்பது, யார் துடைத்துவிடுவது? விதி நியாயமானது என்று நாங்களே பேசிக்கொள்வோம். ஆனால் எங்களில் பாதிப்பேருக்கு வரச்சொல்ல ஆள் கிடையாது. அதனால் அந்த ஹாலில் யாரும் "எனக்கு முடியலை" என்று சொன்னதில்லை. தும்மினால்கூட, பொடி போட்டேன் என்பார்கள்.

கிறிஸ்மஸ் முடிந்து உறைபனி விழுந்த நாட்கள் அவை. காலையில் புல்தரை முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கிலெல்லாம் பேப்பர் ஒட்டி வைத்திருந்தோம். ஒரே கணப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தோம். எனக்கும் இருமல் இருந்தது. அப்போது ஞானம்மா சாப்பிட வரும்போது இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் அவளோடு கை கோத்துக்கொண்டு வருவார்கள். ஒருத்தி பேச்சியம்மா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர்களோடு வந்தவள், ஞானம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில். மூன்று பேரும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வருவார்கள். இந்த வயசில் இவளுக்கு இப்படி ஒரு சிநேகிதமா என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"என்னா, கல்யாணப் பொண்ண கூட்டியார மாதிரி கூட்டியாறீக?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கென்ன, சாப்புடுங்க" என்றாள் ஞானம்மா. அவள் தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. பேச்சியம்மா அதை மெல்லத் தன் தட்டுக்குத் தள்ளிக்கொண்டாள்.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அவர்கள் கை கோத்திருக்கவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பக்கத்தில் இது ரொம்ப நாளாக இருந்த பழக்கமாம். யாருக்கு முடியவில்லையோ அவளை நடுவில் விட்டு, இரண்டு பேர் தாங்கி, மதர் கண்ணுக்குச் சிநேகிதம் மாதிரி தெரியும்படி சிரித்துப் பேசிக்கொண்டு வருவது. உடம்பு தேறும் வரைக்கும் அப்படியே ஓட்டிவிடுவார்கள். பல பேர் அப்படித் தப்பித்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி அது. யாரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் மத்தியானம், ஜெபம் சொல்லி எல்லோரும் உட்காரும்போது ஞானம்மா உட்காரவில்லை, சரிந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்தாள். "ஸ்கூல் பெல் அடிச்சாச்சா?" என்று என்னைக் கேட்டாள்.

பூண்டியிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றி வந்த ஜீப் ஒன்றை சிஸ்டர் நிறுத்தினார். மூட்டைகளுக்கு நடுவில் ஞானம்மாவைப் படுக்க வைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் உடம்பு சுடவில்லை. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நான்தான் கொதித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாது.

டாக்டரம்மா மதுரைப் பக்கத்துப் பெண், சின்ன வயசு. ஞானம்மாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் இருமலைக் கேட்டுவிட்டு, "பெரியவரே, நீங்களும் சட்டையக் கழட்டுங்க" என்றார். இரண்டு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தக் குளிரில் வெறும் மார்பை ஜில்லென்ற தகட்டில் அழுத்தி, மூச்சைப் பிடி என்பார்கள். மூச்சு இருந்தால்தானே பிடிப்பதற்கு? விரல் நுனியிலும் கையிலும் ரத்தம் எடுத்தார்கள். சளியை ஒரு டப்பாவில் துப்பச் சொன்னார்கள். வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காத்திருப்பதுதான் வலி. வெராண்டா பெஞ்சில், சுவரில் சாய்ந்து, கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு, உள்ளே அவளை என்ன செய்கிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருவருக்கும் நிமோனியா என்றார்கள். நுரையீரலில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் சளியும் நீரும் கட்டிக்கொள்வதுதான் அது. என்னை ஆண்கள் வார்டிலும் அவளைப் பெண்கள் வார்டிலும் போட்டார்கள். இங்கேயும் பிரித்துவிட்டார்களே என்று நினைத்தேன்.

மறுநாள் டாக்டரம்மா என்னிடம் வந்தார். "ஒங்களுக்குக் காய்ச்சல் நூத்தி மூணு. சந்தோசப்பட்டுக்கங்க" என்றார்.

"என்னம்மா வெளையாடுறீங்களா?"

"இல்ல பெரியவரே. காய்ச்சல்ங்கிறது ஒடம்பு சண்ட போடுறது. ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்கு, அதுதான் காவக்காரன். கிருமி உள்ள வந்தா அது பெருகணும், ஒடம்பு சுடணும். ஒங்களுக்கு அது நடக்குது."

"எம் பொண்டாட்டிக்குக் காய்ச்சலே இல்லையே. அப்ப அவ தேவலைதானே?"

அவர் என் கட்டிலில் உட்கார்ந்தார். "அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. வயசானா அந்தக் காவக்காரன் அசந்துருவான். அவங்க ஒடம்பு எதுத்து நிக்கவே இல்ல. வெளிய ஒண்ணும் தெரியாது. சாப்பாடு பிடிக்காது, கால் தள்ளாடும், பேச்சு மாறும், அவ்வளவுதான். எத்தன நாளா அவங்களுக்கு இப்படி இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அன்று சாயந்திரம் பேச்சியம்மா பார்க்க வந்தாள். அவளிடம் கேட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஞானக்காவுக்கு கிறிஸ்மஸ்ல இருந்தே ஏலாது அண்ணே. ஒங்ககிட்ட சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. சொன்னா நீங்க மதர்கிட்டப் போயிருவீங்க, அவுங்கள அனுப்பிருவாங்கன்னு பயம்" என்றாள். நான் போயிருப்பேன், அது உண்மைதான். அவள் என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தாள்.

பென்சிலின் ஊசி எனக்கு நன்றாகவே வேலை செய்தது. இடுப்பில் குத்திக் குத்தி உட்கார இடமில்லாமல் போனாலும், ஒரு வாரத்தில் எழுந்து நடந்தேன். கேரளத்து நர்ஸ் ஒருத்தி, லில்லி, என்னை "அப்பச்சா" என்று தாத்தா முறை வைத்துக் கூப்பிடுவாள். பார்வையாளர் நேரம் வந்ததும் அவள்தான் என் மேல் சால்வையைப் போர்த்தி, கையைப் பிடித்துப் பெண்கள் வார்டுக்குக் கூட்டிப்போவாள். ஞானம்மாவுக்கும் மெல்ல மெல்லப் பேச்சு தெளிந்தது. ஆக்ஸிஜன் குழாயை மூக்கிலிருந்து எடுத்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்டது, "ஷேவ் பண்ணக்கூடவா ஆளில்ல?"

ஆனால் கால் போய்விட்டது. வயசானவர்கள் சில நாள் படுத்தாலே கால் சதை கரைந்துவிடும் என்றார் டாக்டரம்மா. சின்ன வயசுக்காரர்களுக்கு அது திரும்பி வரும், எங்களுக்கு வருவது கஷ்டம். படுத்தே கிடந்தால் சளி மறுபடியும் கட்டும், முதுகில் புண் வரும். "தெனமும் ஒக்கார வைங்க, நிக்க வைங்க. ஆனா வதைக்காதீங்க" என்றார்.

அவளை யாரும் வதைக்க வேண்டியிருக்கவில்லை. அவளே தன்னை வதைத்துக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள், உடம்பெல்லாம் நடுங்கும், நெற்றியில் வியர்வை துளிர்க்கும். "அந்தத் தூண் வரைக்கும்" என்பாள். தூண் வரைக்கும் போய்விட்டால், "நம்ம ஹாலு இத விடத் தூரமா இருக்குமா?" என்று கேட்பாள்.

"கிட்டத்தான்" என்று நான் சொல்வேன். தூரம்தான்.

"நடந்துட்டா எடத்த எடுத்துர மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க. கட்டில் அப்படியே கெடக்கு. பேச்சி அதுல யாரையும் ஒக்காரக்கூட விடலையாம்."

அய்யம்பாளையத்திலிருந்து அவள் அண்ணன் மகன் அந்தோணி பஸ் பிடித்து வந்தான். தென்னந்தோப்பில் வேலை. தோளில் ஒரு குலை இளநீரோடு வந்து இறங்கினான். இந்தக் குளிரில், இந்த நெஞ்சுக்கு இளநீரா என்று லில்லி திட்டினாள். அவன் ஒன்றும் பேசாமல் அதை வார்டு முழுக்கச் சீவிக் கொடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாகச் சுட வைத்து, அத்தையின் காலை மடியில் எடுத்து வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். ஊசி மருந்துச் சீட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு போய், எனக்குத் தெரியாமல் அவன்தான் பணம் கட்டியிருக்கிறான். தங்கமான பிள்ளை.

"மாமா, அத்தைய நான் கூட்டிட்டுப் போறேன். ஒரே ரூம்தான், எப்படியாச்சும் பாத்துக்கிறோம்" என்றான்.

அவன் போன பிறகு ஞானம்மா அழுதாள். நான் அவள் அழுது அதிகம் பார்த்தவன் இல்லை. "அவன் மாமியாளே படுக்கையில கெடக்கா. அவன் பொண்டாட்டி, அந்தப் புள்ள ஒத்தையாளா எத்தனை பேரத் தூக்கும்? நானும் போயி விழுந்தா அவ இடுப்பு ஒடிஞ்சிரும். அங்க ஒங்களுக்கும் எடமில்ல. நீங்க மலை மேல, நான் கீழன்னு சாகவா?" என்று கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்திரிக்கணும், கையக் குடுங்க" என்றாள்.

இதையெல்லாம் டாக்டரம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மதர் எங்களைப் பார்க்க வந்த அன்று, அவரை வெராண்டாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். நான் பெஞ்சில் இருந்தேன், காதில் விழுந்தது.

"மதர், ஒங்க இல்லத்துல இருந்து வர்றவங்க எல்லாம் கடைசி நேரத்துலதான் வர்றாங்க. மொத நாளே வந்தா மாத்திரையில போயிரும். ஒருத்தருக்கு வந்தா பக்கத்துக் கட்டிலுக்கும் வரும், அவங்களத் தனியாப் படுக்க வைக்கணும், ஜன்னலத் தொறக்கணும். ஆனா அவங்க வாயத் தொறந்து சொன்னாத்தானே? சொன்னா எடம் போயிரும்னு பயப்படுறாங்க."

மதர் ஜெபமாலையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்த விதிய நான் வைக்கலை, பட்லரய்யா. எனக்கு முன்னால இருந்தவங்க வச்சது. ஆனா நானும் எடுக்கலை" என்றார். இன்னொரு ஆயாவுக்கு ஏற்பாடு பண்ணுவதாகவும், அதுவரைக்கும் சிஸ்டர்கள் பார்த்துக்கொள்வதாகவும், இனிமேல் முடியாதவர்களுக்குச் சாப்பாடு கட்டிலுக்கே வரும் என்றும் சொன்னார். "ஞானம்மா நடக்க வேண்டாம். படுத்தபடியே வரட்டும். போயி நீங்களே சொல்லுங்க."

நான் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், அந்த மூச்சோடு. ஞானம்மா கட்டில் ஓரத்தில், சேலையைச் சரிபண்ணிக்கொண்டு, நடப்பதற்கு எனக்காகக் காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கொஞ்ச நேரம் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத கிறிஸ்மஸுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா, எனக்கு முடியலைன்னு நான் சொல்லியிருப்பேனே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உப்பு வாங்க மறந்துபோனதைச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு, "அப்பன்னா இன்னிக்கி நடக்க வேணாம். படுத்துக்கிறேன், ரொம்ப அசதியா இருக்கு" என்றாள். காலை மேலே தூக்கி வைத்துப் போர்த்திவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் எழவில்லை. இரண்டாவது தடவை சளி கட்டியது. இந்தத் தடவையும் காய்ச்சல் இல்லை. மூச்சுதான் மேலோடு மேலாக வந்தது. மறுபடி ஆக்ஸிஜன், மறுபடி ஊசி. முதல் தடவையிலேயே உடம்பு தன்னிடம் இருந்ததையெல்லாம் செலவழித்துவிட்டது, கையிருப்பு ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். பார்வையாளர் நேரம் முடிந்ததும் லில்லி மணி அடிக்கத்தான் வேண்டும். என் விஷயத்தில் அவளுக்கு அது மறந்துபோய்விடும். மத்தியான வெயில் கொஞ்சம் கட்டிலில் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தோணி காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே ஞானம்மா போய்விட்டாள். அவன் ரொம்ப நேரத்துக்குத் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

அந்தச் செய்தியை நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் நடந்துகொண்டே இருந்திருப்பாளோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். டாக்டரம்மாவிடமும் கேட்டேன். நுரையீரலுக்கு அதெல்லாம் தெரியாது பெரியவரே என்றார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து, அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. ஞானம்மாவின் நாற்காலியை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்தும் பேச்சியம்மாவின் இடம் காலியாகவே இருந்தது. மதர் அதைப் பார்த்தார்.

"பேச்சியம்மா எங்க?"

கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. கடைசியில் கிளாவரை மலைக்கிராமத்துப் பெண்ணொருத்தி தலையைக் குனிந்துகொண்டு, "அவகளுக்கு முடியலை மதர். கட்டில்ல கெடக்காக" என்றாள்.

எல்லோரும் மதர் முகத்தையே பார்த்தோம். மதர் எழுந்தார். தானே தட்டை எடுத்து, ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, துவையல் வைத்தார். அப்போது மேசையின் அந்தக் கோடியிலிருந்து, "எனக்கும்தான் மதர், நேத்தைக்கிருந்து" என்று ஒரு குரல் வந்தது. பிறகு எங்கள் பக்கத்தில் எனக்கு எதிரே இருந்த கிழவர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, "எனக்கும் சரியில்ல" என்றார். இத்தனை நாளும் எனக்கு எதிரே உட்கார்ந்து, நல்லாயிருக்கேன் நல்லாயிருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. கூடவே அந்தத் தட்டைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இந்தக் கஞ்சி அந்த மார்கழியில் கிளம்பியிருந்தால் என் ஞானம்மா இந்த நேரம் என் எதிரில் உட்கார்ந்து, நான் ஷேவ் பண்ணாததைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மதர் தட்டோடு பெண்கள் பக்கத்துக் கதவுக்குப் போனார். என்னைக் கடக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கையும் தட்டைப் பிடித்திருந்ததால் அவரால் தாழ்ப்பாளை நீக்க முடியவில்லை. நான் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.